மூன்று தட்டு, ஒரு தட்டு

இது கட்டுக்கதை இல்லை. ஆல்வின் பொய் சொல்லத் தெரிந்தவன்தான். பெற்ற தாயிடமே வருஷக்கணக்காகப் பொய் சொன்னவன். ஆனால் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னான், ஒரு வார்த்தை மாறவில்லை.

காவாந்தண்டலத்தில் ராஜாராம் வீட்டு நிலத்தில் ஒரு மோட்டார் ரூம். நீலப் பெயின்ட் அடித்த கதவு, பின்னால் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ராஜாராம் நிலத்துக்காரர் மகன். ஆல்வின் அதே வயலில் கூலி வேலை செய்தவன். பகல் பன்னிரண்டுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்றால் ஊரில் ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மோட்டார் ஓடினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. இரண்டு ஆம்பிளைகள் காதலிக்க அந்த ஊரில் கிடைத்த இடம் அது ஒன்றுதான். வெளியே ஆல்வினுக்கு ராஜாராம் 'சின்னவரு'. உள்ளே 'டா'. ஆல்வின் ஆல்வினாக இருந்தது அந்த நாலு சுவருக்குள் மட்டும்தான்.

பிந்தி வருகிறவன் கதவை மூன்று முறை தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டுவான். அந்தத் தட்டு அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல், இருவரும் உள்ளே இருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. மூன்று. கொஞ்சம் விட்டு... ஒன்று.

யாருக்கோ எல்லாம் தெரிந்துவிட்டது. பயத்தில் ஜன்னல் வழியாக எகிறி ஓடினார்கள். வீட்டில் பார்த்த பெண்ணுக்கு ராஜாராம் அந்த மாசமே தலையாட்டினான். ஆல்வின் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை.

போன ஆனியில்தான் வந்தான். அந்த ரூமை ஒரு தடவை பார்க்காமல் அவனால் முடியவில்லை. உச்சி வெயில். வரப்பில் ஆள் இல்லை. மணி பன்னிரண்டு பத்து.

ரூம் அப்படியே இருந்தது. நீலக் கதவு. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம்.

ஆனால் வெளியே குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழவில்லை.

ராஜாராம்தான் உள்ளே என்று நினைத்தான். ஆசை யாரை விட்டது. பழைய பழக்கத்தில் கை தானாக எழுந்தது. மூன்று. கொஞ்சம் விட்டு ஒன்று.

மோட்டார் நின்றது.

"யார்ரா அது?" உள்ளே மெதுவாக ஒரு குரல்.

"நம்ப தட்டுடா... யாருக்கோ தெரிஞ்சிடுச்சி."

முதல் குரல் ராஜாராமுடையது.

இரண்டாவது... ஆல்வினுடையது.

ஜன்னல் படாரென்று திறந்தது. நெல்லுக்குள் இரண்டு பேர் ஓடும் சத்தம். 'ஓடாதீங்கடா, நான்தான்' என்று கத்தப் பார்த்தான். அதற்குள் சத்தம் அடங்கிவிட்டது.

எப்படி ரோட்டுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பெட்டிக்கடை செல்லம்மாள் ஒரு சோடா உடைத்துக் கொடுத்தாள்.

"எங்க போய்ட்டு வர, இப்டி வேர்த்துக்கினு?"

"ராஜாராம் மோட்டார் ரூம்."

"ரூம் எங்க கீது? இடிச்சி ரெண்டு வருசம் ஆவுது. அந்தப் புள்ளயே கடப்பாரை எடுத்து இடிச்சிது, ஆளுகூட வெக்கல. இடிச்சிட்டு அங்கியே குந்திக்கினு அழுதுச்சி."

ஆல்வின் கையைப் பார்த்தான். விரல் முட்டியில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ராஜாராமுக்கு போன் போட்டான்.

"அன்னிக்கிக் கதவத் தட்னது நான்தான்டா."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது.

"நீ எங்கூடதானேடா இருந்த?"