கொசுறு இல்லாத குவளை

“படிச்ச புள்ளைக்கு மண்ணெண்ணெய் நாத்தம் ஒத்துக்குமா சாமி?” என்று கேட்டபடி மாமா அந்தத் தகரக் குவளையை என்னிடம் நீட்டினார். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கிய குவளை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். காவிரியைப் பரிசலில் கடந்து ஈரோட்டில் படித்துத் தேறியவள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் சந்தேகப்பட்டது என் மூக்கை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும்.

அவர் அம்மாவின் தம்பி. பள்ளிபாளையத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் நெசவாளர் ஊருக்கு யுத்த காலத்தில் வந்த ரேஷன் மண்ணெண்ணெயை அளந்து ஊற்றிய டிப்போக்காரர். ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கு எண்ணெய் போதவில்லை. கள்ள மார்க்கெட்டில் விற்கிறார் என்று புகார் போயிற்று. சப்ளை அதிகாரி வந்து விசாரித்தபோது மாமா வாயே திறக்கவில்லை. ஊருக்கே எண்ணெய் நின்றது. நூலும் அரிதாகிப்போன காலம் அது. ஆளில்லாத தறிக்குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியது. பொதுத் தறிக்கூடத்தின் கூரை ஒரு ஐப்பசி மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சண்டை எங்கோ நடந்தது; இடிந்து கிடந்தது எங்கள் கூடம்.

யுத்தம் முடிந்தபின் ஊர் நெசவாளர் சங்கத்தார் நடையாய் நடந்து அந்தத் தடையை நீக்க வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவர் டிப்போவை ஏற்க வேண்டும், இன்னொரு புகார் வந்தால் எண்ணெய் இனி எப்போதும் கிடையாது என்றார் அதிகாரி. சங்கம் என்னைக் கூப்பிட்டது. எண்ணெயில் கிடைக்கும் கமிஷன் முழுவதும் கூடத்தின் கூரைக்கு என்று தீர்மானமாயிற்று. கூரை எழுந்தால்தான் சங்கத்துக்கு நூல் ஒதுக்குவார்கள். நூல் வராவிட்டால் மேட்டூர் மில்லுக்குப் போய்விடுவது என்று பாதி ஊர் மூட்டை கட்டி வைத்திருந்தது.

முதல் வண்டி வந்த அன்று வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. அதிகாரி அனுப்பிய சேவகர் எதிரே வேப்பமரத்தடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நின்ற, தறிக்குப் பாவு ஓட்டும் அக்காவுக்கு அளந்து ஊற்றினேன். நீட்டிய புட்டி நகரவில்லை.

“ஏனம்மணி, கொசுறு?”

“என்ன கொசுறுங்க்கா?”

“உங்க மாமன் எல்லாத்துக்கும் ஒரு மடக்கு மேல ஊத்துவாருங்க. தாராளக் கையி.”

“ஈரோட்டுப் பள்ளிக்கூடத்துல அதச் சொல்லித் தரலயாட்ட இருக்குது,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த குவளையைப் பார்த்தேன். புட்டி புட்டியாகத் தட்டிக் கொசுறு ஊற்றியே நசுங்கிய விளிம்பு. மாமா ஒரு சொட்டுகூட விற்கவில்லை. ஆளுக்கு ஒரு மடக்காக, கடைசியில் நின்றவர்களின் எண்ணெய் முன்னால் நின்றவர்களின் புட்டிகளுக்குப் போயிருக்கிறது. அதைச் சொன்னால் வீட்டுக்கு வீடு கை நீட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பதில் திருடன் என்ற பேரை அவரே வைத்துக்கொண்டார்.

“கொசுறு கிடையாதுங்க. மாமா ஊத்துன கொசுறுதான் கடைசில நின்னவங்களுக்கு இல்லாமப் போச்சு. அவரு விக்கலீங்க.”

சிரிப்பு நின்றது. “என்னயத் திருடிங்கறயா?” என்று அக்கா குரலை உயர்த்தினார். “வண்டி வந்த அன்னைக்கே அதிகாரியாயிட்டா,” என்றார் இன்னொருவர். மரத்தடியிலிருந்து சேவகர் எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் காதில் யாராவது ஒரு வார்த்தை போட்டால் போதும். எண்ணெயும் போய்விடும், கூரையும் போய்விடும். குவளையை இறுக்கிப் பிடித்தேன்.

அப்போது வரிசையின் நடுவிலிருந்து மாமா முன்னால் வந்தார். தன் புட்டியை நீட்டினார். ஊரே மூச்சடக்கிப் பார்த்தது. விளிம்பு மட்டத்துக்கு அளந்து ஊற்றினேன். பழக்கதோஷம், அவர் புட்டியும் ஒரு கணம் நகராமல் நின்றது. கொசுறு இல்லை என்று நான் குவளையைப் பீப்பாய்மேல் கவிழ்த்து வைத்தேன்.

மாமா புட்டியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். “சொந்தத் தாய்மாமன், எனக்கே இல்லீங்களாமா! உங்களுக்கெங்க ஊத்தப் போறா? நவுருங்க, நவுருங்க, வெளக்கேத்தற நேரமாச்சு.”

யாரோ சிரித்தார்கள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். சேவகர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

எண்ணெய் தீர்ந்து பீப்பாயைக் கவிழ்த்த பிறகு மாமா வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “கடைசி ஆளுக்கும் வந்துதா சாமி?”

“வந்துச்சுங்க மாமா.”

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று கூடத்துக்குக் கூரை இருக்கிறது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதும் கேட்பதில்லை. சங்கம் நூல் டிப்போவை என்னிடம் கொடுத்தது. எண்ணெய்க்கு யார் என்று கேட்டார்கள். நேற்று திருச்செங்கோட்டுக்குப் போய் அதிகாரியிடம் மாமாவின் பெயரைச் சொன்னேன். “அந்த ஆளா?” என்றார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கணக்கை நானே எழுதுவதாக ஒப்புக்கொண்டு, அவர் பெயருக்குக் கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்கவில்லை. திரும்பும் வழியில் தகர வேலைக்காரரிடம் குவளையின் விளிம்பை நிமிர்த்தியும் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் அதை மாமாவிடம் நீட்டினேன். “கொசுறு கேட்டா என்ன சொல்லுவீங்க மாமா?”

அவர் குவளையை வாங்கி, விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, பீப்பாய்மேல் கவிழ்த்து வைத்தார்.