சதுரங்கப்பட்டினத்தில் ஒரு ஞானஸ்நானம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் பாறைகள் மேல் வெள்ளை எழுத்தில் ‘இயேசு இரட்சிக்கிறார்’ என்று எழுதியிருக்கும். பேருந்து ஜன்னல் வழியே பல வருடமாக அதைப் படித்து வருகிறேன். எதிலிருந்து இரட்சிக்கிறார் என்று மட்டும் ஒரு பாறையும் சொல்வதில்லை. எனக்கோ வாய் சும்மா இருக்காது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி எஸ்தரைக் கேட்டேன். “ஞாயித்துக்கெழம எங்க சபையில ஞானஸ்நானம் கீது. வந்து பாத்துட்டு நீயே சொல்லு” என்றாள்.

காலை ஆறரைக்குச் செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு வெளியே சபையின் வேன் நின்றது. கடைசி வரிசையில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் எஸ்தர். அவளுக்கு அந்தப் பக்கம் ஓர் இடம் காலியாகவே இருந்தது. யாருக்கு என்றேன்.

“அந்த ஆளுக்கு. பஸ்ல வந்துக்கறேன்னுட்டானாம். நல்லதாப் போச்சு.”

எஸ்தரின் கணவர் நான்கு வருடம் முன்பு சாலையைக் கடக்கும்போது லோடு ஆட்டோ மோதி இறந்தது எனக்குத் தெரியும். ஓட்டிய ஏழுமலை என்பவர் குடித்திருந்தார். சிறைக்குப் போய் வந்த அந்த ஏழுமலைதான் இன்று ஞானஸ்நானம் பெறுகிறார், அதுவும் இவளுடைய சபையிலேயே என்பதை வேன் கிளம்பிய பிறகுதான் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு நீ ஏன் வருகிறாய் என்று கேட்டேன்.

“கண்ணால பாக்கணும். கர்த்தர் அவன மன்னிச்சிட்டாராம். செத்தது என் வூட்டுக்காரரு. என்ன யாரு கேட்டாங்க?”

முன் இருக்கையில் இருந்த பாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அதுவரை பாடிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார்.

பதினான்கு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். டீ பதினைந்து ரூபாய், சர்க்கரை தாராளம். பாஸ்டரைத் தனியாகப் பிடித்து என் பாறைக் கேள்வியைக் கேட்டேன்.

“பாவத்துலருந்தும்மா” என்றார்.

“அது ஏழுமலைக்கு. எஸ்தருக்கு எதிலிருந்து?”

டீயை ஊதிக்கொண்டே நின்றார். “தகுதி பாத்துக் குடுத்தா அது கூலி. தகுதியில்லாதவனுக்குக் குடுக்கறதுதான் கிருபை. வாராவாரம் பிரசங்கத்துல சொல்றேன். அந்தம்மா மூஞ்சப் பாத்துச் சொல்லத்தான் வாய் வரல.” எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

எட்டு மணிக்குச் சதுரங்கப்பட்டினம். இடிந்த டச்சுக் கோட்டையைத் தாண்டினால் படகுகள், வலைகள், கடல். ஞானஸ்நானம் பெற நான்கு பேர். மற்ற மூவரைச் சுற்றித் துண்டும் மாற்றுத் துணியுமாகக் குடும்பம் நின்றது. ஏழுமலை மட்டும் வெள்ளைச் சட்டையில், வெறுங்கையோடு தள்ளி நின்றார். மதம் மாறுகிறான் என்று அவர் வீட்டில் யாரும் வரவில்லையாம்.

ஒவ்வொருவரையும் தண்ணீரில் இறக்குமுன், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பது அவர்கள் வழக்கம். மூன்று பேருக்கும் கேட்டார்கள், அல்லேலூயா சொன்னார்கள், முக்கி எடுத்தார்கள். மூன்றாவது ஆளோடு பாஸ்டரையும் அலை சேர்த்துப் புரட்ட, வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர், “அலைக்கு முதுகக் காட்டாத அண்ணாத்த” என்று குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தோம், எஸ்தர் உட்பட.

பிறகு ஏழுமலையின் முறை. பாஸ்டர் அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார்.

“எனக்குக் கீது” என்றாள் எஸ்தர்.

ஏழுமலை கைகூப்பினார். “நீங்க வாணாம்னா நான் போயிடறேம்மா.”

எஸ்தர் அவரைப் பார்க்காமல் பாஸ்டரிடம்தான் பேசினாள். “கீதுன்னு சொல்லணும், சொல்லிட்டேன். கேட்டீங்கல்ல, அது போதும். நிறுத்த வாணாம்.”

ஏழுமலை தண்ணீருக்குள் போனதையும் வந்ததையும் அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

பத்தரைக்குத் திரும்பினோம். ஊருக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில், சட்டை உடம்போடு ஒட்ட, ஏழுமலை தனியாக நின்றுகொண்டிருந்தார். வேன் கடந்து கொஞ்ச தூரம் போன பிறகு எஸ்தர், “நிறுத்துங்கண்ணா” என்றாள். வண்டி பின்னோக்கி வந்து நின்றது. கதவை அவளே திறந்தாள்.

“ஈரமா கீறேம்மா” என்றார் அவர்.

“தெரியுது. நான் இன்னும் மன்னிக்கல. அது வேற. பஸ்ஸு எப்ப வருமோ. ஏறு, ஏழுமல.”

காலியாக இருந்த அந்த இடத்தில் அவர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பாறைகள் வந்தன. எதிலிருந்து என்று இப்போதும் அவற்றில் எழுதியிருக்கவில்லை. எஸ்தர் பக்கம் திரும்பினேன். அவர் சட்டையிலிருந்த கடல் தண்ணீர் அவள் புடவையில் பாதிவரை ஊறியிருந்தது. அவள் நகர்ந்து உட்காரவில்லை.