நெடி வராத மிளகாய்

எங்கள் வளவில் வெள்ளிக்கிழமைகள் புளியும் சாம்பலும் கலந்த வாசனையோடுதான் விடியும். ஆறு குடித்தனம், நடுவே ஒரு முற்றம், முற்றத்து மூலையில் ஒரு கிணறு. அவரவர் குத்துவிளக்கையும் செம்பையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து உட்காருவோம். தேங்காய் நாரில் புளிச்சக்கையைத் தொட்டுச் சாம்பலில் புரட்டி, கை கறுக்கத் தேய்ப்போம். வெயில் ஏற ஏற, சுவரோரம் கவிழ்த்து வைத்த பித்தளையிலிருந்து வெளிச்சம் கிளம்பி எதிர்ச்சுவரில் விழுந்து அசையும். என் மகள் அப்போது கைக்குழந்தை. அந்த அசைவைப் பிடிக்கக் கையை நீட்டுவாள். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் மலைக்கோட்டை நிழல் சாயங்காலத்தில் வந்து தொடுகிற ஒரு சந்தில் அந்த வளவு இருந்தது. இப்போது நினைத்தால் அங்கே இருந்த நாட்கள் எல்லாம் ஒரே நீளமான வெள்ளிக்கிழமையாகத் தெரிகின்றன.

எனக்கு இருபத்திரண்டு வயது. கன்னிவாடியில் பிறந்து திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டவள். எதையும் வீணாக்காத கை என்று எனக்கு என்மேலேயே ஒரு பெருமை உண்டு. அரிசி கழுவிய தண்ணீரில்தான் பாத்திரத்துக்கு முதல் கழுவல். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் துணியை அலசிவிட்டு, மிச்சத்தைத் தரையில் ஊற்றித் தேய்ப்பேன். பிழிந்த எலுமிச்சை மூடியால் செம்பைத் துலக்கி, அதே மூடியைக் காயவைத்து, நொச்சி இலையோடு சேர்த்துக் கொசுவுக்குப் புகை போடுவேன். என் கணவர் புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். "இந்தச் சந்துக்குள்ள குப்பை வண்டிக்காரன் வந்தான்னா வெறும் வண்டியத்தான் தள்ளிக்கிட்டுப் போகணும்" என்று என்னைக் கேலி செய்வார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சுத்தம் செய்கிற சாமான்தான் எங்களுக்கு மந்திரச் சாமானும். குடத்துத் தண்ணீர் தெளிய ஒரு சுற்றுச் சுற்றுகிற படிகாரத்தின் இன்னொரு துண்டு, கறுப்புத் துணியில் முடிந்து நிலைப்படிக்கு மேலே தொங்கும். மூலை முடுக்கில் எறும்பு வராமலிருக்கப் போடுகிற கல்லுப்பையே கையில் அள்ளிப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவோம். வாசலுக்குத் தெளிக்கிற மஞ்சள் தண்ணீர் கிருமிக்கா, கெட்ட காற்றுக்கா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிர் வாசலில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். அவள் புருஷன் பூட்டுப் பட்டறையில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அதைப்பற்றி அவள் பேசியதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. புதுச் சுங்குடிச் சேலையை முதல் தண்ணீரில் உப்புப் போட்டு நனைக்காமல் உடுத்தினால் சாயம் இடுப்பில் ஒட்டும் என்று வளவு முழுக்க எச்சரித்துக்கொண்டிருப்பாள். யார் சேலை வாங்கினாலும் வாங்கியவளுக்கு முன்னால் அவள் பக்கெட்டோடு வந்து நிற்பாள்.

என் மகளைத் தினமும் குளிப்பாட்டியது அவள்தான். எனக்குப் பயம், மூக்கில் தண்ணீர் போய்விடுமோ என்று. அவள் கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, பயறு மாவைக் குழைத்துத் தேய்த்து, ஒரு கையால் நெற்றியில் அணை கட்டித் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு தணலில் சாம்பிராணி போட்டு, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து, அந்தப் புகையில் பிள்ளையின் தலைமுடியை விரித்துக் காயவைப்பாள். பிள்ளை அப்படியே அவள் மடியில் தூங்கிப்போகும். முற்றம் முழுக்கப் புகை நீலமாக நிற்கும். நான் என் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்திருப்பேன். கீரை உருவி முடிந்த பிறகும் பார்த்திருப்பேன். என்னைக் கண்டால் பாலுக்கு அழுகிற பிள்ளை, அவளைக் கண்டால் சிரிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

ஒருநாள் அப்படித் தூக்கிக் கொஞ்சும்போது, "எம்புட்டு அழகாச் சிரிக்குது பாரேன். எங்கண்ணே பட்டுரும் போல" என்றாள். எல்லோரும் சொல்கிற பேச்சுதான். அன்று ராத்திரியே பிள்ளைக்கு உடம்பு சுட ஆரம்பித்தது.

பாலைக் கக்கினாள். கையை வாயில் திணித்துக்கொண்டு சிணுங்கினாள். ஆஸ்பத்திரியில் சிவப்பாக ஒரு மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதையும் கக்கினாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் நான் சுற்றிப் போட உட்கார்ந்தேன். கல்லுப்பு, கடுகு, ஏழு மிளகாய் வத்தல். பிள்ளையைக் கிழக்கே பார்க்க வைத்து, மூன்று தரம் இடமும் வலமும் சுற்றி, மூன்று தரம் துப்பச் சொல்ல முடியாத பிள்ளைக்குப் பதிலாக நானே துப்பி, முற்றத்துச் சாணி அடுப்பில் போட்டேன். இதில் இருக்கிற கணக்கு எல்லோருக்கும் தெரியும். வத்தல் கருகிக் கமறல் எடுத்தால் ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது, நெடியைக் கண் தின்றுவிட்டது.

உப்புப் படபடவென்று வெடித்தது. வத்தல் சுருண்டு கறுத்தது. நெடி வரவில்லை.

நாலு வாசலில் நின்ற பெண்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர் வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "கண்ணுதான் ஏத்தா. அடுத்த வெள்ளிக்கிழமையும் போடு, போயிரும்" என்றாள். அவள் குரலில் என்னைவிட அதிகப் பயம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போட்டேன். அதே கதை. அந்த இரண்டு வாரமும் எனக்கு அரைத் தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருந்தது. பிள்ளை தோளில் முனகிக்கொண்டே இருக்கும். மேற்கிலிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை அடிக்கும்போது வேப்பிலையைக் கொளுத்துவேன், வாடை போனதும் சாம்பிராணி, அது அணைந்ததும் நொச்சி. புகைக்குள்ளேயே வீட்டைக் கழுவினேன், புகைக்குள்ளேயே சமைத்தேன். ஏதோ ஒரு வேளையில், புகைக்குள் அந்த வார்த்தை தானாக வந்து நின்றது: எங்கண்ணே பட்டுரும் போல. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானேதான் நினைத்தேன். நினைத்ததும் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கண் யாருடையது என்று தெரிந்தால், அவர்களுடைய காலடி மண்ணை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து உப்பு மிளகாயோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்கா தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காகக் காத்திருந்தேன். இடுப்புக் குடம் தளும்பி அவள் காலை நனைத்திருந்தது. முற்றத்துப் புழுதியில் பாதம் பாதமாக ஈரத் தடம். அவள் வாசலேறியதும் நான் போய்க் குனிந்து, குதிகால் தடத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். நிமிர்ந்தால், கிணற்றடியில் விட்ட கயிற்றை எடுக்க அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

என் இரண்டு விரல் நடுவே இருந்த மண்ணைப் பார்த்தாள். அது என்ன என்று அவளுக்கு விளங்காமல் போக, அவள் என்ன வேற்றூர்க்காரியா? கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன்.

"ஒரு சிட்டிகை பத்தாதுத்தா. மூணு எடுக்கணும்" என்றாள். பாதத்தைத் தடத்தில் வைத்து அழுத்தி, காலை எடுத்துத் தள்ளி நின்றாள். "எடுத்துக்க. பிள்ளைக்கு நல்லாகணும்."

எடுத்தேன். மூன்று சிட்டிகையும் எடுத்தேன். சுற்றிப் போட்டபோது அவள் தன் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உப்பு வெடித்தது. நெடி வரவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிள்ளையின் கீழ் ஈறில் அரிசி முனை அளவுக்கு ஒரு பல் எட்டிப் பார்த்தது. காய்ச்சல் இறங்கியது. மண்ணின் மகிமை என்று வளவே பேசியது. பல்லும் காய்ச்சலும் ஒன்று என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட நானே கற்றுக்கொண்டேன். அக்கா அந்த நேரத்துக்குக் கதவைத் திறக்கமாட்டாள். இரண்டு மாதம் கழித்து, அவள் புருஷன் பட்டறை வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான சேவுகம்பட்டிக்கு, அண்ணன் தம்பி நிலத்தைப் பார்க்கக் கிளம்பினான். எல்லோர் வீட்டிலும் "போயிட்டு வாரேன்" சொன்னவள், என் வாசலுக்கு நேராக வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம். கன்னிவாடியிலிருந்து வரவேண்டிய வத்தல் மூட்டை தாமதமாகிவிட்டது, நல்ல வத்தல் தீர்ந்துவிட்டது. பரண்மேல் ஒரு தகர டப்பா இருந்தது. போன வருஷத்து வத்தல், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்து, நான் தட்டிக் காயவைத்து எடுத்து வைத்தது. குழம்புக்கு ஆகாது, தூரப் போடவும் மனசு வராது. சுற்றிப் போட இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். எரிகிற நெருப்பில் போடுவதற்கு நல்ல வத்தலை யாராவது வீணாக்குவார்களா? வேறு வழியில்லாமல் அன்றைக்கு அதில் ஒரு கை அள்ளிக் குழம்பு வைத்தேன்.

என் கணவர் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன, இன்னைக்கு எனக்குப் பத்தியமா?" என்றார்.

டப்பாவிலிருந்து ஒரு வத்தலை எடுத்துக் கடித்தேன். காகிதத்தைக் கடித்த மாதிரி இருந்தது. இன்னொன்றைக் கடித்தேன். பிறகு நாலைந்தை அள்ளி அடுப்பில் போட்டேன். யாரையும் சுற்றவில்லை, எதையும் நினைக்கவில்லை. அவை சுருண்டு, கறுத்து, சாம்பலாகின. நெடி வரவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, "குழம்புக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?" என்று இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டார்.

வத்தல் மூட்டை வந்ததும் அதில் ஒரு பிடி, டப்பாவில் ஒரு பிடி, தனித்தனியாக முடிந்துகொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். சேவுகம்பட்டியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அக்கா பின்வாசலில் ஓர் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. என் இடுப்பில் பிள்ளையைக் கண்டதும் சட்டென்று அண்டாவின் பக்கம் குனிந்துகொண்டாள். உள்ளே ஒரு கைக்குழந்தை அழுதது.

"கொழுந்தன் பொண்டாட்டி பெத்திருக்கா. முப்பது நாளாச்சு" என்றாள்.

"குளிப்பாட்டுறது நீங்கதானேக்கா?"

"நான் அந்தப் பக்கமே போறதில்ல. யாரும் ஒண்ணும் சொல்லல, நானாத்தான். நம்ம வளவுல கண்ணால பாத்தோமுல்ல? எங்கால் மண்ணைப் போட்டும் நெடியே வரலயே, அப்ப எங்கண்ணுதானே?"

அவள் என்னை வெறுத்திருப்பாள் என்று நினைத்துத்தான் வந்தேன். தன்னைத்தானே நம்பாமல் போயிருப்பாள் என்று நினைக்கவில்லை. டப்பா, பூஞ்சை, குழம்பு எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டினேன். அவள் நம்புகிற மாதிரித் தெரியவில்லை. வெந்நீர் அடுப்பில் தணல் கிடந்தது. முதலில் என் பழைய வத்தலைப் போட்டேன். புகை மட்டும் வந்தது. அடுத்து நல்ல வத்தலைப் போட்டேன். கமறல் எங்கள் தொண்டையைப் பிடித்தது. இருவரும் இருமினோம், பிள்ளை தும்மியது, "யாரு அங்கன வத்தலைக் கருக்குறது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கத்தியது. அக்கா சிரித்தேவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வத்தல் சொத்தை, சரி" என்றாள் கடைசியில். "ஆனா வத்தல், கண்ணு பட்டிருக்குன்னுதான் சொல்லும். யாரு கண்ணுன்னு சொல்லாதேத்தா. ஆறு குடித்தனம் நடக்குற முத்தம் அது. நீ எங்காலடிக்குத்தானே வந்த?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி பார்த்தேன். "பிள்ளை என்னைய விட உங்களைத்தான் தேடுச்சுக்கா. எனக்குப் பொறுக்கல" என்றேன்.

அவள் அண்டாவைத் தள்ளி வைத்தாள். கையைக் கழுவினாள். சாம்பல் போக இன்னொரு தரம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கையை நீட்டினாள். பிள்ளை மறந்திருந்தது, ஆனாலும் போனது. அக்கா அதைத் தோளில் போட்டு, அதன் முகத்தைத் தனக்குப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தபடி சுவரைப் பார்த்து நின்றாள்.

"மூஞ்சியப் பாருங்கக்கா. பல்லெல்லாம் வந்திருச்சு" என்றேன்.

"பாக்குறேன், பாக்குறேன்" என்றாள். "செத்த நேரம் இப்படியே இருக்கட்டும்."