சொல்தா வீட்டு ரக்பிக்காரர்

காலை 8.10. விழுப்புரத்தில் புதுச்சேரி பேருந்து ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். பதினோரு வருடம் பிரான்சில் சம்பளத்துக்கு ரக்பி ஆடிய தினகரன் என்பவரைப் பார்க்கப் போகிறேன். புதுச்சேரியின் கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் எல்லோரும் எழுதித் தள்ளியாயிற்று. ரக்பிக்காரரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

9.40. பேருந்து நிலையத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ. நூற்றைம்பது கேட்டவர் நூற்றிருபதுக்குப் படிந்தார். தெருப் பெயரைச் சொன்னதும், "சொல்தா வூடா?" என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். ரக்பி ஆடுகிறவர் என்று திருத்தினேன்.

"பிரான்சுல இருக்காருன்னா சொல்தாதான் சார். பென்ஷன் வரும்ல?"

வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் தினகரன். வயது முப்பத்து மூன்று. கழுத்து தலையைவிட அகலம். பதினான்கு வயதில் அவரைப் பிரான்சுக்கு அழைத்துப்போன சித்தப்பா மட்டும் நிஜமான சொல்தா. அங்கே தெற்கில் ஒரு சின்ன ஊர், எலும்பைக் குடையும் குளிர்.

"கிரிக்கெட்டு ஆடலாம்னு போனேன் சார். அங்க எவனுக்கும் அது தெரியல. வாத்தியாரு என் கழுத்தப் பாத்துட்டு ரக்பில சேத்துட்டாரு."

இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தலையோடு தலை கோத்துத் தள்ளுவார்களாம். இவர் முன்வரிசை. இருபத்தொரு வயதில் முதல் ஒப்பந்தம். போன வருடம் கழுத்து எலும்பு நகர்ந்தது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது ஆடிய அதே மைதானத்தில் புல் வெட்டும் வேலை. ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறார். மழை பெய்தது என்று சொல்வதுபோலத்தான் இதையெல்லாம் சொன்னார்.

மதியம் அவருடைய அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"நாலு மணிக்கு ரெட்டியார்பாளையத்துலேர்ந்து பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க தம்பி. தரகரு இவன சொல்தான்னு சொல்லி வெச்சிருக்காரு. ஏற்கெனவே மூணு எடம் தட்டிப்போச்சி. கேட்டா ஆமான்னு சொல்லிடுங்க. அவனுக்குத் தெரிய வேணாம்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள். ஒன்றில் என்ன குறைந்துவிடும் என்று தலையாட்டினேன்.

மாலை 4.00. பெண்ணின் அப்பா, மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர், வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபடியே என்னிடம் கேட்டார்: "மாப்ள சொல்தாதானுங்களே?"

"ஆமாம்" என்றேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்து தினகரனிடம், "எத்தினி வருஷம் சர்வீஸு தம்பி?" என்றார்.

தினகரன் அம்மாவைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நான் சொல்தா இல்லீங்க. ரக்பி ஆடுனேன். கழுத்து போச்சி. இப்ப அதே கிரவுண்டுல புல்லு வெட்றேன். பென்ஷன்லாம் இல்ல."

பெண்ணின் அப்பா அந்தக் கழுத்தையே பார்த்தார். "புல்லு வெட்றதுல இன்னா கொறச்சலு? நானும் மில்லுல பஞ்சு மூட்ட தூக்குனவன்தான்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. கேசரித் தட்டை வைத்தார். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பெண்ணின் அப்பாவுடைய கை தட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏன் சார் ஆமான்னீங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார். அதுவே அவருக்குப் போதுமான பதிலாகிவிட்டது.

"தம்பி நல்லவருதான். ஆனா வூட்ட நம்பிதான பொண்ணக் குடுக்கணும்?" எழுந்து, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

6.30. பேருந்து நிலையத்துக்குத் தினகரனே பைக்கில் கொண்டுவந்து விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவன் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறேன். இங்கே பார்க்காததற்குச் சாட்சி சொல்லி ஒரு மனுஷனின் கல்யாணத்தைக் கெடுத்தேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"உடுங்க சார்" என்றார். பேருந்து நகரும்போது ஜன்னலோரம் கூடவே நடந்து வந்தார்.

"எழுதுவீங்கள்ல? நீங்களாவது ரக்பின்னு எழுதுங்க."