பட்டையின் தலையில் பூஜ்யம்

சார்ட்டக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு நின்றுபோகும். இன்று காலை மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. விசைப்பலகைதான் அடி வாங்கியது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தத் தகடு அழுத்தும் தொழிற்சாலைக்கு டைப்பிஸ்டாக வந்தவள். கம்ப்யூட்டர்காரர் பாதியில் வேலையை விட்டுப் போக, அவர் போட்டுவிட்டுப் போன ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தட்டுத் தடுமாறிப் படித்து, வரைபடம் போடக் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு எல்லோருக்கும் அவள் சார்ட்டக்கா, சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

வரைபடத்தில் அவளுக்குப் பிடித்தது லேபிள். மிஷினுக்கு ஒரு பட்டை, அந்தப் பட்டையின் தலையில் என்ன காட்ட வேண்டும் என்று ஒரே ஒரு டெம்ப்ளேட் வரி எழுதினால் போதும். அடைப்புக்குறிக்குள் எந்த விவரத்தின் பெயரைப் போடுகிறோமோ, அது ஒவ்வொரு மிஷினுக்கும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆயிரம் மணி நேர ஓட்டத்துக்கு எத்தனை விபத்து என்று காட்டும் வரைபடமும் அவள் போட்டதுதான். மேனேஜர் இருக்கிறாரே, மேசையில் பேனா கோணலாகக் கிடந்தால்கூட அவருக்குச் சாப்பாடு இறங்காது. மூன்றாம் நம்பர் பிரஸ் மிஷினுடைய பட்டையின் தலையில் 0.4 என்று பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட வேண்டுமாம். இவளும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு டெம்ப்ளேட்டில் வெட்டினாள். ஒரு நிமிட வேலை. முடித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அந்த மிஷினில் ஏற்கெனவே ஒருவருக்கு விரல் நுனி போயிருந்தது. கை உள்ளே போனால் மிஷினைத் தானாக நிறுத்தும் தடுப்பு ஒன்று வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டிருந்தார்கள். முதலாளியம்மா வரைபடத்தைப் பார்த்தார். பூஜ்யம் விபத்துக்கு எதற்குத் தடுப்பு என்று தள்ளிவைத்தார். போன வாரம் அதே மிஷின் இன்னொருவருடைய இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. சார்ட்டக்கா ஓடிப்போய் வரைபடத்தைத் திறந்தாள். கணக்கு 0.8. பட்டை உயர்ந்திருந்தது, தலையில் அதே பூஜ்யம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை அந்த மிஷினில் வேறொரு ஆளை நிறுத்தியிருந்தார்கள். லேபிளை மாற்றவேண்டும் என்று மேனேஜரிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மத்தியானம் மீட்டிங்மா. அது முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அதற்குள் அந்த ஆளுக்கு எத்தனை விரல் மிஞ்சும் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. நேராக இடத்துக்கு வந்து, டெம்ப்ளேட்டிலிருந்து எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, விபத்துப் பதிவேட்டின் விவரத்தை அடைப்புக்குறிக்குள் போட்டாள்.

மத்தியானம் மீட்டிங்கில், விபத்தே நடக்காத மற்ற ஐந்து மிஷின்களின் இடம் திரையில் காலியாக இருந்தது. மூன்றாவதன் தலையில் மட்டும் 'இடது ஆள்காட்டி விரல், நுனி. வலது கை, இரண்டு விரல்கள்' என்று வந்து நின்றது. முதலாளியம்மா அதைப் படித்தார். இத்தனை நாளாக இது ஏன் பூஜ்யமாக இருந்தது என்று கேட்டார். டெம்ப்ளேட் எழுதியது இவள்தான் என்று மேனேஜர் கையைக் காட்டினார். கொஞ்சமும் கூசவில்லை.

"ஆமாம்மா, நான்தான் எழுதினேன். வெட்டச் சொன்னது இவரு," என்றாள் சார்ட்டக்கா.

தடுப்பு வரும்வரை மிஷினை நிறுத்தச் சொல்லி உத்தரவாயிற்று. பத்து நிமிடத்தில் நின்றது. யாரும் அவளைப் பாராட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் போன வாரம் இரண்டு விரல் போனவருடைய வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் மேனேஜரை மனசுக்குள் கிழிகிழியென்று கிழித்தாள். விரல் போனவர் கட்டுப் போட்ட வலது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். சார்ட்டக்கா நடந்ததையெல்லாம் கொட்டினாள். மேனேஜர் வெட்டச் சொன்னதை இரண்டு தடவை சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புள்ளிக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியுமாக்கா?"

"அந்தாளு எதைப் பாத்தாரு? அழகா இருக்கான்னு மட்டும்தான் பாப்பாரு."

"உங்களுக்கு?"

"தெரியும், தம்பி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

மனைவி அடுத்த கவளத்தை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். வரும்போது அவளுக்குத் திட்டுவதற்கு மேனேஜர் ஒருத்தர் போதுமாக இருந்தார். திரும்பி நடக்கும்போது அவர் போதவில்லை.