ஓரச்சீட்டு அண்ணி

எங்கள் அண்ணிக்குப் பல்லியைக் கண்டால் பயம். லிப்டில் ஏறப் பயம். அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார். போனில் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷிக்குச் சினிமாவைப் பற்றி வாயைத் திறக்க மட்டும் பயமே கிடையாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்திலேயே இருந்தும் நானே ரொம்ப நாள் நம்பவில்லை.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் சேர்ந்து ஒரு லாண்டரி நடத்துகிறோம். முன்பக்கம் கவுண்டர். கதவைத் திறந்தால் மேலே கட்டியிருக்கிற மணி கிணுகிணுக்கும். பின்பக்கம் துவைக்கிற மிஷின்கள், அது என் ராஜ்ஜியம். நடுவில் ஸ்டீம் பிரஸ், அது அண்ணியுடையது. சட்டையைப் பரப்பி, மேல்தட்டை இழுத்து அழுத்தி, பெடலை மிதித்தால் 'புஸ்ஸ்' என்று ஆவி விடும். எங்களுடையது பழைய மிஷின். ஆவி விட்ட கையோடு 'டொக்' என்று ஓர் இருமலும் இருமும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சுங்க, அப்படித்தான் இருமும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடை விடுமுறை நாளில் அண்ணி பகல் காட்சிக்குப் போவார். தனியாகத்தான் போவார். அண்ணனைக் கூட்டிப்போனால் இடைவேளைக்கு முன்னாலேயே குறட்டை விடுவார் என்பது ஊரறிந்த விஷயம். அண்ணி உட்காருவது எப்போதும் ஓரச் சீட்டில். ஏன் என்று கேட்டால், "படம் பிடிக்கலைன்னா யார் காலையும் மிதிக்காம எழுந்து வந்துடலாமே" என்பார். ஒரு தடவைகூட அப்படி எழுந்து வந்ததில்லை. எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் கடைசியில் பெயர்கள் ஓடி முடிகிற வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வருவார்.

மறுநாள் காலையில் பிரஸ் போட்டுக்கொண்டே அந்தப் படத்தைப் பிரித்து மேய்வார். முதலில் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார். அவர் நழுவிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார். நான் மிஷின் சத்தத்தில் பாதிக்குத்தான் தலையாட்டினேன். கடைசியில் போனை ஸ்பிரே பாட்டிலில் சாய்த்துவைத்து அதனிடமே பேச ஆரம்பித்தார். பேசியதைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார். முகம் கிடையாது, பேர் கிடையாது. ஒரு காலி நாற்காலியின் படம், கீழே 'ஓரச்சீட்டு' என்று ஒரு சொல். கேட்கிறவர்கள் அவரை 'ஓரச்சீட்டு அக்கா' என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

அண்ணி படத்தில் முதலில் பார்ப்பது துணியைத்தான். "வெள்ளத்துல அடிச்சிட்டுப் போனவ கரையேறி வர்றா. சேலை நனைஞ்சிருக்கு, சரி. கொசுவம் ஒண்ணுகூடக் கலையலையே! அந்த ஊக்கு எந்தக் கடையில வாங்கினதுன்னு சொன்னா நானும் வாங்கிப்பேன்" என்பார். ஒரு பேய்ப்படத்துக்கு இப்படிச் சொன்னார்: "பாதி நேரம் கண்ணை மூடிட்டிருந்தேன். அதனால மூடாத பாதிக்குத்தான் கருத்து. மூடாத பாதி நல்லா இருந்துச்சு." ஒரு சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த காலையில் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "அந்த வாட்ச்மேன் பெரியவர் சட்டையில தேஞ்சுபோன காலரைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சிருக்கு. அதைப் பத்திப் படத்துல யாரும் ஒரு வார்த்தை பேசல. வீட்டுல அவருக்குன்னு ஒருத்தி இருக்கான்னு அந்தக் காலர்லயே தெரிஞ்சுபோச்சு. இது ரெண்டு நாள்ல தியேட்டரை விட்டுப் போயிடும். ஓடிப்போய்ப் பாத்துடுங்க." அவர் சொன்னபடியே அந்தப் படம் போய்விட்டது.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பெரிய ஹீரோவின் படம் வந்தது.

ஊரே கொண்டாடிய படம். தெருவில் போனால் அவர் முகம், பஸ்ஸின் முதுகில் அவர் முகம். அண்ணியும் ஆசையாகத்தான் போனார், அவருக்கும் அந்த ஹீரோவைச் சின்ன வயசிலிருந்தே பிடிக்கும். மறுநாள் காலையில் பிரஸ் பெடலை மிதித்தபடி இதைச் சொன்னார்:

"சண்டையெல்லாம் நல்லா இருந்துச்சு. பாட்டும் சரிதான். ஆனா அந்த அம்மா செத்துப்போற சீன். பொணத்தை நடுவுல கிடத்தியிருக்காங்க. இவரு ஓடி வர்றாரு. பக்கத்துல உக்கார்றதுக்கு முன்னாடி, முட்டிகிட்ட பேன்ட்டை ரெண்டு விரலால லேசா மேல இழுத்துவிட்டுட்டு உக்கார்றாரு. நல்லா கவனிங்க. பேன்ட் சுருங்கிடக் கூடாதாம். அம்மாவைப் பறிகொடுத்தவன் பேன்ட்டை இழுத்துவிட மாட்டான்யா. அதுக்கப்புறம் அவரு என்ன அழுதும் எனக்கு அழுகை வரல."

புஸ்ஸ். டொக்.

அவ்வளவுதான் பேசினார். சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. அந்தக் காட்சியை வெட்டி, அண்ணியின் குரலை மேலே ஒட்டி, ஆளாளுக்குப் பரப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பெஞ்சில் உட்காருமுன் பேன்ட்டை இழுத்துவிட்டுச் சிரித்தார்கள். தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது, அழ வேண்டிய இடத்தில் கூட்டம் கொல்லென்று சிரித்ததாம். ஹீரோவின் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் போனை எடுத்து, வந்திருந்த பதில்களைப் படித்தேன். முதலில் வெறும் வசவு. அதைக்கூடத் துடைத்துப் போட்டுவிடலாம். நாலைந்து வசவுக்குக் கீழே ஒருவன் அமைதியாக எழுதியிருந்தான்: 'பின்னாடி புஸ்ஸுன்னு சத்தம் வருது, கேட்டீங்களா? ஸ்டீம் பிரஸ். இவ லாண்டரிக்காரி.' அதற்குக் கீழே இன்னொருவன்: 'புஸ்ஸுக்கு அப்புறம் டொக்குன்னு ஒண்ணு வருது. அந்த மிஷின் எந்தக் கடையில இருக்குன்னு தேடுங்கடா.' அதற்கும் கீழே: 'கதவு மணியும் கேக்குது. தேடிட்டு இருக்கோம். கிடைச்சதும் கடையோட சேத்துக் கொளுத்திடுவோம்.'

படித்து முடித்ததும் போனை அண்ணியிடம் நீட்டிவிட்டேன். நான் தைரியசாலி என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அண்ணி போனை வாங்கி ஒருமுறை படித்தார், பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன்தான் முதலில் பேசினார்.

"அதை அழிச்சிடு."

"அழிச்சா நான் பயந்துட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"பயந்துதானே போயிருக்க?"

"ஆமா. பயமாத்தான் இருக்கு. அதை எதுக்கு அவங்களுக்குச் சொல்லணும்?"

முதல் வேலையாக அண்ணன் கதவு மணியை அவிழ்த்து இழுப்பறையில் போட்டார். மிஷினை என்ன செய்வது? அதை நிறுத்தினால் அடுப்பில் பூனை தூங்கும். அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். கடையில் வாயைத் திறப்பதில்லை. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். யார் கேட்டாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். வந்தவர்கள் எல்லாம் வைத்தியர் ஆனார்கள். ஒருத்தர் மிளகு என்றார், ஒருத்தர் உப்புத் தண்ணீர் என்றார். பேசியே பொழுதைப் போக்குகிற மனுஷி வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாசலில் பைக் நின்றால் நாங்கள் மூவரும் வேலையை விட்டு நிமிர்ந்தோம். எதிர்ப்பக்கம் ஒருவன் நின்று போன் பேசினால் எங்கள் கடையைத்தான் படம் பிடிக்கிறான் என்று தோன்றியது. அண்ணி ஒவ்வொரு தடவை பெடலை மிதிக்கும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அந்த 'டொக்' சத்தத்தை வாயால் விழுங்கிவிட முடியும் என்பது மாதிரி பல்லையும் கடித்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட ஒரு முற்பகலில் 'பேனர்' வந்தார். அந்த ஹீரோவின் படம் எது வந்தாலும் தியேட்டர் முகப்பில் ஏறி முதல் பேனரைக் கட்டுகிறவர் அவர்தான், அதனால் அந்தப் பேர். ரசிகர் மன்றத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். எங்கள் கடைக்கு அவர் வந்ததே கிடையாது. அவர் துணி போவது இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்கு. பின் ஏன் இங்கே?

கவுண்டரில் ஒரு மூட்டையைப் போட்டார். பிரித்தால் அத்தனையும் டி-சர்ட். எல்லாவற்றிலும் நெஞ்சை அடைத்து ஹீரோவின் முகம்.

"வெற்றி விழாவுக்குப் பசங்க போடறது. இன்னிக்குச் சாயங்காலம் வேணும். பிரஸ்ல போடறீங்களா, கை இஸ்திரியா?" என்று கேட்டார்.

"பி... பிரஸ்தான்" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி மிஷினைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அச்சுப் பதித்த துணிக்கு ஒரு விதி உண்டு. உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் பிரஸ் போட வேண்டும். நேராகப் போட்டால் சூட்டில் அச்சு இளகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு வந்த முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் இது, அண்ணி தூக்கத்தில்கூடத் தப்பு செய்ய மாட்டார். அன்றைக்குச் செய்தார். பாதி மூட்டையை முடித்திருந்த நேரம், வாசலில் ஒரு பைக் சடாரென்று வந்து நின்று ஹாரன் அடித்தது. அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினார். கை பாட்டுக்கு மேல்தட்டை இழுத்துவிட்டது. புஸ்ஸ். டொக். பைக்கில் வந்தவன் வழி கேட்டுவிட்டுப் போய்விட்டான். தட்டைத் தூக்கினால், ஹீரோவின் மீசையும் ஒரு கண்ணும் தட்டோடு வந்துவிட்டன. சட்டையில் மிச்சம் இருந்த கண் எங்களைப் பார்த்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் ஒரு விடுதிக்குப் படுக்கை விரிப்பு கொடுக்கப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. அண்ணி அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கொழுந்தனாரே, எனக்கு ரொம்ப பயமா இருக்கு." பல நாளைக்குப் பிறகு அவர் குரலை அப்போதுதான் கடையில் கேட்டேன்.

"நீங்க பேசாம நில்லுங்க அண்ணி. நான் சமாளிச்சுக்கறேன்."

நான் சமாளித்த லட்சணம் இதுதான். சாயங்காலம் பேனர் வந்தார். வெளியே இரண்டு பேர் பைக்கில் காத்திருந்தார்கள். மற்ற சட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போனதைக் கடைசியாக நீட்டி, "இது... இது அச்சடிச்சதுலயே இப்படித்தான் வந்துச்சுங்க" என்றேன்.

பேனரின் முகம் மாறியது. சட்டையை விரித்துப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, "டேய், அந்த பிரிண்டிங் கடைக்காரனைப் போய்த் தூக்கிட்டு வாங்கடா. தலைவர் முகத்தையே இப்படிப் பண்ணியிருக்கான்" என்றார். பைக் உறுமியது.

"இல்ல தம்பி."

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணி எழுந்து நின்றிருந்தார். கழுத்துத் துண்டு கையில் இருந்தது.

"பிரிண்டிங் கடைக்காரர் மேல தப்பில்ல. திருப்பிப் போடாம பிரஸ்ல வெச்சுட்டேன். நான்தான் கெடுத்தேன்."

பேனர் அசையவில்லை. போனில் கேட்ட குரலும் நேரில் கேட்ட குரலும் ஒன்றுதான் என்று எவனுக்கும் தெரிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, கொதிநீர்க்குழாயில் மிச்சம் இருந்த ஆவியை மிஷின் தானாக வெளியே விட்டது. புஸ்ஸ். டொக்.

பேனர் கையைக் காட்டினார். வெளியே பைக் அணைந்தது. காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சின் பக்கம் போனார். உட்காரக் குனிந்தார். இரண்டு விரல்கள் தானாக முட்டியருகே பேன்ட்டைப் பிடித்து மேலே இழுக்கப் போயின. பாதியில் நின்றன. அவர் தன் கையையே பார்த்தார். பிறகு விட்டுவிட்டு, அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார்.

அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார். அவர் ஓடவில்லை. ஓரச் சீட்டிலிருந்துகூட அவர் எழுந்து ஓடியதில்லையே.

பேனர் எழுந்தார். சட்டைகளை எடுத்துக்கொண்டார், கெட்டுப்போனதையும் சேர்த்து. கதவில் கை வைத்தபடி, திரும்பாமல், வெளியே இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அக்கா, இனிமே பேசறப்ப மிஷினை அணைச்சிட்டுப் பேசுங்க."

போய்விட்டார். அது மிரட்டலா, புத்திமதியா? அண்ணனிடம் சொன்னபோது அவர் மிரட்டல் என்றார். நான் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி நினைக்கிறேன். பேனர் மறுபடி எங்கள் கடைக்கு வரவில்லை. கொளுத்தவும் யாரும் வரவில்லை. ஆனாலும் பைக் நின்றால் இன்னும் நாங்கள் நிமிர்ந்துதான் பார்க்கிறோம்.

அடுத்த விடுமுறைக்கு அண்ணி எங்கும் போகவில்லை. அதற்கடுத்த விடுமுறைக்குப் பகல் காட்சிக்குக் கிளம்பினார். மறுநாள் காலையில் மிஷினை அணைத்தார். கடைக்கதவைச் சாத்தினார். போனை ஸ்பிரே பாட்டிலில் சாய்த்து, அதன் முன் கை கட்டி நின்று பேசினார். படம் பிடிக்கவில்லை என்றார், ஏன் என்றும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

நான் அதை வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். புஸ்ஸும் இல்லை, டொக்கும் இல்லை. இத்தனை நாளும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது இப்போது தெளிவாகக் கேட்டது. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை அண்ணியின் குரல் நடுங்கிக்கொண்டே இருந்தது.