நாலாவது ஸ்லாட்

என் அக்கா புருஷனுக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் நிதானம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நானும் அதே தொலைபேசிக் கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறேன். ஏசியும் பேட்டரி அறையும் என் பொறுப்பு. எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சொல்ல மாட்டேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாடியில் ஒரு நீளமான அறை. அதன் நடுவில் மார்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. அதற்கு சேஸிஸ் என்று பெயர். அலமாரியில் புத்தகங்கள் நிற்பதுபோல் அதற்குள் பிளேடுகள் நிற்கும். பிளேடு என்றதும் சவரம் ஞாபகம் வரவேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு முழுக் கம்ப்யூட்டர், தட்டையாக, தட்டு மாதிரி. மொத்தம் பதினாலு ஸ்லாட். இந்த ஊரில் யார் யாருக்குப் போன் போட்டாலும், சண்டை போட்டாலும், சமாதானம் பேசினாலும், இந்தப் பெட்டி வழியாகத்தான் போயாக வேண்டும். பதினொரு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்வது மச்சான்.

அவர் ஒரு பிளேடு மாற்றுவதை நீங்கள் ஒரு தடவை நின்று பார்க்கவேண்டும். எனக்கு அதைப் பார்த்தாலே ரத்தக் கொதிப்பு ஏறும். முதலில் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அதன் வயரைப் பெட்டியில் மாட்டுவார், உடம்பில் இருக்கிற மின்சாரம் பிளேடில் பாய்ந்துவிடக் கூடாதாம். பழைய பிளேடின் வேலையைக் கம்ப்யூட்டரில் தட்டி அதன் ஜோடி பிளேடுக்கு மாற்றிவிடுவார். பிறகு பிளேடின் கைப்பிடி லிவரைப் பாதி திறப்பார். நீல விளக்கு மினுக்கும். அது மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதற்கு முன்னால் இழுத்தால் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது அந்தரத்தில் அறுந்துவிடும். புதிய பிளேடு என்றால் இன்னும் மோசம். பின்பக்கத்து ஊசிகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்ப்பார். தலைமை அலுவலகம் இந்த வேலைக்குக் கொடுத்திருக்கும் நேரம் நாற்பது நிமிஷம். மச்சானுக்கு இரண்டு மணி நேரம். கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லவே எட்டு நாள் எடுத்துக்கொண்டார் என்று அக்கா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

ஆனால் பதினொரு வருஷத்தில் அவர் கைபட்டு ஒரு போன் கால்கூட அறுந்ததில்லை. அதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, நான்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தாவது ஸ்லாட்டில் ஒரு புதிய பிளேடு ஏறியது. பழசைவிட இரண்டு மடங்கு வேலை செய்யக்கூடியது. அதனால் பக்கத்து நாலாவது ஸ்லாட்டில் இருந்த பிளேடுக்கு வேலையில்லாமல் போயிற்று. அதைக் கழற்றிவிட்டு, காலியான இடத்தில் முகப்புத் தகடு ஒன்றை வைத்துத் திருகி மூடினார். தகட்டுக்குப் பின்னால் அட்டைபோல இன்னொரு நீளத் தகடும் இருந்தது. அதையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். மூன்று மணிக்கு முடிந்தது. பிளேடின் சூடு நாற்பத்து நாலு டிகிரி என்று கம்ப்யூட்டரில் காட்டியது. மச்சான் முகத்தில் அப்படி ஒரு நிறைவு, சாப்பிட்டு முடித்த குழந்தை மாதிரி.

வியாழக்கிழமை அவருக்கு விடுப்பு. அக்காவின் தையல்கடைக்குப் புது மிஷின் வாங்கப் போயிருந்தார்கள். சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்புமுன் நான் மாதாமாதம் செய்கிற வேலையாக சேஸிஸின் அடியில் இருக்கும் தூசி வடிகட்டியை உருவித் துடைத்தேன். அப்படியே நாலாவது ஸ்லாட்டையும் ஒரு துடை துடைக்கலாம் என்று திருகைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். பின்னால் இருந்த அந்த நீளத் தகடு தனியாகக் கையோடு வந்தது. காலி இடத்துக்கு மூடி எதற்கு, மூடிக்குப் பின்னால் இன்னொரு மூடி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பேட்டரி அறையில் நாங்கள் சாப்பிடுகிற மேஜைக்கு ஒரு கால் கட்டை. கை வைத்தால் ஆடும். தகட்டை இரண்டாக மடித்து அந்தக் காலுக்கு அண்டை கொடுத்தேன். மேஜை கல்லுமாதிரி நின்றது. முகப்புத் தகட்டை மட்டும் பழையபடி திருகிவிட்டு வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் படியேறும்போதே விசிறிகளின் சத்தம் காதைப் பிளந்தது. புதிய பிளேடு அறுபத்து ஒன்றைத் தொட்டிருந்தது. எழுபதைத் தொட்டால் அது தானாகவே நின்றுவிடும், ஜோடி பிளேடு தனியாக ரொம்ப நேரம் தாங்காது, ஊரில் பாதிப் பேருக்குப் போன் கிடைக்காது. மச்சான் அதன் வேலையை ஜோடி பிளேடுக்கு மாற்றினார், லிவரைத் திறந்தார், நீல விளக்குக்காக நின்றார், வெளியே எடுத்தார், ஊசிகளைப் பார்த்தார், மறுபடி ஏற்றினார். அரைமணியில் மறுபடி அறுபது. மத்தியானத்துக்குள் மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டார்.

பகுதி இன்ஜினியர் மேடம் போனில் வந்தார். வாரத்துக்கு ஒருநாள் நேரில் வருவார், மற்ற நாள் போன்தான். அறை சூடாக இருக்கிறதா, ஏசி ஒழுங்காக ஓடுகிறதா என்று முதல் கேள்வியே என்னைப் பற்றி. எனக்கு வந்ததே கோபம்! இருபத்திரண்டு டிகிரி, சந்தேகம் என்றால் நேரில் வந்து பாருங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அறை இருபத்திரண்டுதான், அது சத்தியம். அப்படியானால் பிளேடு மாட்டியதில்தான் கோளாறு என்று மேடம் முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் சேஸிஸ் பராமரிப்பை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். மச்சானுக்கு ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிடங்கில் வேலை. அக்கா கடைக்கு வாங்கிய மிஷினின் அட்டைப்பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

போனை வைத்துவிட்டு நான் குதித்த குதி இருக்கிறதே! மேடத்தைத் திட்டினேன், வெளிக் கம்பெனியைத் திட்டினேன், பிளேடு செய்த தொழிற்சாலைக்காரனின் பரம்பரையையே இழுத்தேன். மச்சான் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பேட்டரி அறையில் சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாரு மாப்ள. மேடத்துக்குக் குடுக்கணும். எழுத்துப்பிழை இருந்தா சொல்லு."

மேடத்துக்கு எழுதிய கடிதம். தன்னைச் சேஸிஸ் வேலையிலிருந்து எடுத்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். காரணத்தை நிதானமாக, வரிசையாக எழுதியிருந்தார். அறையின் குளிர் சரி. விசிறி சரி. வடிகட்டி சுத்தம். நாலாவது ஸ்லாட்டில் காற்றுத் தடுப்பு வைத்தாகிவிட்டது. ஆகவே பிளேடைப் பொருத்திய என் கையில்தான் தவறு இருக்கவேண்டும், எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாத கையை இந்தப் பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படி முடித்திருந்தார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "காற்றுத் தடுப்புன்னா என்ன மச்சான்?"

அந்த நிலைமையிலும் அவர் பொறுமையாகச் சொன்னார். காலி ஸ்லாட்டில் மூடிக்குப் பின்னால் ஒரு தகடு வைப்பார்களாம். விசிறி கீழேயிருந்து மேலே காற்றை ஊதுகிறது. பிளேடு நிற்கிற இடத்தில் காற்று நெருக்கி நுழையவேண்டும், காலி இடத்தில் சுகமாகப் போகலாம்.

"காத்து சோம்பேறி மாப்ள. தடை இல்லாத வழி ஒண்ணு கெடச்சா மொத்தமும் அந்தப் பக்கம் போயிடும். பக்கத்துல நிக்கிற பிளேடு வெந்துபோகும். அதுக்குத்தான் அந்தத் தகடு. நாந்தான் செவ்வாய்க்கிழமையே வச்சிட்டேனே."

என் முழங்கை மேஜைமேல் இருந்தது. மேஜை ஆடவில்லை. ஆடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! தன் கையால் வைத்துத் திருகியதை யார்தான் மறுபடி திறந்து பார்ப்பார்கள்? அவரும் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம், பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அவர் வெளியே போனதும் ஓடிப்போய் வைத்துவிட்டால் சூடு தானாக இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த மனுஷன் தன் கைதான் கெட்டுப்போயிற்று என்று சாகிறவரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாரே. அதை நினைத்ததும் நாக்கு தானாகத் திரும்பியது.

குனிந்து மேஜைக் காலுக்கு அடியிலிருந்து தகட்டை இழுத்தேன். மடிப்பைப் பிரித்து அவர்முன் வைத்தேன். வியாழக்கிழமை நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இந்த வயதில், அதுவும் நான்!

மச்சான் தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஓங்கி ஓர் அறை விடுவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விட்டிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு மச்சான்."

"ஊசி எதுவும் வளையல?"

"வளையல மச்சான். தப்பு பூரா என்னுது."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார், என்னமோ பத்து நாள் பட்டினி கிடந்தவர்போல. பாதி சாப்பாட்டில்தான் திட்டு வந்தது. அறிவிருக்கா உனக்கு, சோறுதானே திங்கிற, தெரியாத திருகுமேல கை வைக்கலாமா என்று பதினொரு வருஷத்துக் கணக்கையும் சேர்த்துத் தீர்த்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அவ்வளவு திட்டிலும் எனக்கு உயிர் திரும்ப வந்தமாதிரி இருந்தது.

மடித்த தகடு வேலைக்கு ஆகாது என்று உதிரிபாக அலமாரியிலிருந்து புதிதாக ஒன்று எடுத்தார். என்னையே வைக்கச் சொன்னார். என் மணிக்கட்டில் அந்தப் பட்டையைக் கட்டிவிட்டார். அவசரப்படாதே, தடத்தில் உட்காருவது கையில் தெரியும், தெரிகிறவரைக்கும் தள்ளாதே என்று பக்கத்திலேயே நின்றார். எனக்கு அரைமணி ஆயிற்று. அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டை எழுதவேண்டும். மேஜைமேல் காகிதம் தேடினார், கிடைக்கவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு எடுத்த காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு எழுத ஆரம்பித்தார். அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு. ஐம்பத்து இரண்டு. விசிறிகள் ஒவ்வொரு படியாகச் சத்தம் குறைந்தன. அறையில் பேசினால் காது கேட்கிற அளவுக்கு ஆனதும், அக்காவுக்குப் போன் போட்டு மிஷின் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். அவள் ஏன் எதற்கு என்று கேட்டாள். சாயந்திரம் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மேடம் வந்தார். மச்சான் வாயைத் திறக்குமுன் நானே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் விட்ட டோஸில் பேட்டரி அறைச் சுவரெல்லாம் அதிர்ந்திருக்கும். எழுத்துமூலமாக ஒரு கண்டிப்பும் வரும் என்றார். வரட்டும், வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். சேஸிஸ் இவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பிளேடின் சூடு எப்படி இறங்கியது, குறித்து வைத்திருக்கிறீர்களா என்று மச்சானைக் கேட்டார்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். மேடம் வாங்கிய வாக்கில் மறுபக்கம் மேலே வந்துவிட்டது. இரண்டு வரி படித்தார். புருவத்தைச் சுருக்கி நிமிர்ந்தார்.

"என்னங்க இது? வேலைய விட்டு எடுக்கச் சொல்லிருக்கீங்க?"

"அது பழைய பேப்பர் மேடம்," என்றார் மச்சான். "இந்தப் பக்கம் பாருங்க."

மேடம் காகிதத்தைத் திருப்பினார். அறுபத்து மூன்றிலிருந்து நாற்பத்து நாலு வரைக்கும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.